பாம்பு பட்டினி கெடந்தா யாருக்குங்க பசிக்குது?

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. வழக்கமா "மக்களே, திரும்ப வந்துட்டேன்"னு ஒரு மொக்கைப் பதிவு போட்டுட்டு அடுத்த ஆறு மாசம் காணாமப் போற ஆளு நான். இந்தத் தடவை நெஜமாவே சொல்றதுக்கு ஒரு விஷயம் இருக்கு. பாம்பு விஷயம். பாம்புன்னா பயம் இருக்கறவங்க அடுத்த பதிவுக்குப் போயிடலாம், கோவிச்சுக்க மாட்டேன் :-)

பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தேன். தாராபுரம். ராத்திரி பத்து மணிக்கு, கூடப் படிச்ச நண்பன் போன் பண்றான்.

"டேய் மாப்ள, நீ பைத்தான்ல தான வேலை பாக்கற?"

"ஆமாண்டா. ஏன்?"

"எங்க வீட்டுப் பைத்தான் ரெண்டு மாசமா ஒண்ணுமே திங்க மாட்டேங்குது. கொஞ்சம் வந்து பாரு."

இன்ஜினியரிங் படிச்சதுக்கு ஃபேன் ரிப்பேர் பண்ணச் சொல்வாங்க, பக்கத்து வீட்டு டிவி ரிமோட்டப் பாக்கச் சொல்வாங்க. பாம்புக்குக் கூப்பிடுவாங்கன்னு நெனச்சதே இல்ல. என்ன கொடுமை சார் இது!

நண்பனப் பத்தி ரெண்டு வரி. வீட்டுக்குக் கீழயே பவர் டேபிள் வெச்சிருக்கான். திருப்பூர்ல இருந்து வெட்டுன துணி வரும், தெச்சு அனுப்பணும். பத்து பன்னெண்டு மெஷின், ஓவர்லாக், பிளாட்லாக் எல்லாம். 2022ல கோயமுத்தூர்ல தெரிஞ்ச ஒருத்தர் குடும்பத்தோட வெளிநாடு கிளம்பறப்ப, அவர் வளத்துன பால் பைத்தான இவன் வாங்கிட்டு வந்துட்டான். நல்ல பாம்பு... மன்னிக்கணும், நல்ல சாதுவான பாம்பு. மேற்கு ஆப்பிரிக்கா தான் பூர்வீகம். கானா, டோகோ, பெனின் பக்கம். விஷம் கிடையாது. பயந்தா தலைய உள்ள வெச்சுப் பந்து மாதிரி சுருட்டிக்கும், அதனால அந்தப் பேரு. இவன் பையன் அதுக்கு வெச்ச பேரு 'மணி'. நாய்க்கு வைக்கற பேரையே வெச்சுட்டான்.

அந்த 'பால்'ல ஒரு வில்லங்கம். எங்கம்மா கிட்ட விஷயத்தச் சொன்னதும் அவங்க கேட்ட முதல் கேள்வி: "பால் பைத்தான்னு நீயே சொல்ற. பால் வெச்சுப் பாத்தாங்களா?"

சிரிக்காதீங்க. அங்க போய்ப் பாத்தா நெஜமாவே ஒரு கிண்ணத்துல பால் இருந்துச்சு. அவன் அப்பத்தா வெச்சது. பக்கத்துலயே ஒரு பச்சை முட்டை. "ஏனுங் சாமி, புத்துல ஊத்துனா குடிக்கற சாதி, வீட்டுல வெச்சா மட்டும் குடிக்காதா?"ன்னு அப்பத்தா என்னயே கேக்கறாங்க. புத்து கரையான் கட்டுனதுங்க, பாம்பு பால் குடிக்கற சாதியே இல்லீங்கன்னு நான் ஆரம்பிச்சேன். அவங்க முகத்தப் பாத்துட்டு நிறுத்திட்டேன். எத்தன வருசம் ஆடி வெள்ளிக்குப் பால் ஊத்துன கை அது.

ஆனா இங்க சொல்லலாம். பாம்புக்குப் பால் ஒத்துக்காது. அது வயித்துக்குத் தெரிஞ்ச சாப்பாடே இல்ல. வடக்க நாகபஞ்சமி சமயத்துல பாம்பாட்டிங்க கூடைல இருக்கற பாம்பு பால் குடிக்குதுன்னா, அதுக்கு முன்னாடி பல நாளா தண்ணி காட்டாமப் போட்டு வெச்சிருப்பாங்க. தாகத்துல எதக் குடுத்தாலும் குடிக்கும். நாம அதப் பக்தின்னு நெனச்சுக் கும்புட்டுட்டு வந்துடறோம்.

சரி, மணிக்கு வருவோம். கார்த்திகை ஆரம்பத்துல இருந்து திங்கறதில்ல. வாரம் ஒரு எலி (உறைய வெச்சு வாங்கறது, சுடுதண்ணில போட்டு வெதுவெதுப்பாக்கி இடுக்கில புடிச்சுக் காட்டணும்) காட்டறாங்க. மோந்து பாக்குது, முகத்தத் திருப்பிக்குது. நண்பனுக்குத் தூக்கம் இல்ல. மூணு நாளைக்கு ஒருக்கா காட்டிப் பாத்தான். அப்பறம் தெனமும். அப்பறம் கோழிக்கறித் துண்டு. அப்பறம் கொரங்காட்டுல பொறி வெச்சுப் புடிச்ச உசுரோட இருக்கற எலியக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள விட்டுப் பாத்திருக்கான். அது மணியோட முதுகுல ரெண்டு எடத்துல கடிச்சு வெச்சிடுச்சு. எலி கடிச்ச பாம்புன்னு அன்னிக்குத் தான் முதல் தடவையா பாக்கறேன்.

இங்க தான் நான் பண்ணுன பாவத்தச் சொல்லணும். அடுத்த ஞாயித்துக்கெழம நண்பனும் அவனுக்குத் தெரிஞ்ச இன்னொரு அண்ணனும் சேந்து, "இனி விட்டா செத்துரும், வாயத் தெறந்து உள்ள தள்ளிடலாம்"னு முடிவு பண்ணுனாங்க. யூடியூப்ல வீடியோ எல்லாம் பாத்தாச்சு. அண்ணன் தலையப் புடிச்சாரு, நண்பன் இடுக்கியோட எலிக்குட்டிய வெச்சுத் தள்ளுனான். உடம்பப் புடிச்சுக்கிட்டது நான். கைக்குள்ள அந்த உடம்பு முழுக்க இறுகுனது இன்னமும் ஞாபகம் இருக்கு. எலிக்குட்டி பாதி போச்சு, வெளிய வந்துச்சு, திரும்பத் தள்ளுனான். மூணாவது தடவை வாயோரத்துல ரத்தம். விட்டுட்டோம். அப்பத்தா மட்டும் வாசல்ல நின்னு, "கொழந்தைக்கு ஊட்டற மாதிரி ஊட்டோணும் கண்ணு"ன்னாங்க. யாருக்கும் பேச்சு வரல.

இந்தப் பதிவுல நான் சொல்ல வந்ததே இதுதான். அன்னிக்கு நாங்க மூணு பேரும் பண்ணுனது பாம்புக்காக இல்ல. எங்க மனசு கேக்கல, அதுக்காகப் பண்ணுனோம். நம்ம ஊர்ல யார் வீட்டுக்குப் போனாலும் "ஒரு வாய் உண்டுட்டுப் போங்"னு சொல்லாம விட மாட்டாங்க. உண்ணாமப் போனா நமக்கு ஒரு மாதிரி ஆயிடும். பாசம்னா சோறு, சோறுன்னா பாசம். காய்ச்சல்ல கெடக்கறவனுக்கும் ரெண்டு இட்லி திணிக்கற ஊரு இது. அந்தக் கணக்கு மனுசனுக்கே பாதி நேரம் தப்பு. பாம்புக்கு முழுக்கத் தப்பு.

ஏன் தப்புன்னு கொஞ்சம் படிச்சேன். (ஆணிக்கு நடுவுல தான்.) 2007ல அமெரிக்காவுல அர்கான்சா பல்கலைக்கழகத்துல மார்ஷல் மெக்யூன்னு ஒரு ஆய்வாளர், மூணு வகைப் பாம்புங்களுக்குக் கிட்டத்தட்ட ஆறு மாசம் சாப்பாடே குடுக்காம ஆராய்ச்சி பண்ணியிருக்காரு. அதுல ஒரு வகை நம்ம பால் பைத்தானே தான். உடம்பு செலவழிக்கற சக்திய 72 சதவீதம் வரைக்கும் அதுங்க கொறச்சுக்குதாம். சில பாம்பு அந்தப் பட்டினிலயும் நீளம் வளந்திருக்கு! இன்னொண்ணு இதவிட ஆச்சரியம். 2005ல நேச்சர் இதழ்ல வந்த ஆய்வு, பர்மிய மலைப்பாம்பு பத்துனது. ஒரு பெரிய சாப்பாடு உள்ள போனா ரெண்டு நாள்ல அதோட இதயம் 40 சதவீதம் பெருசாகுது. குடலும் அப்படித்தான், சாப்பாடு இல்லாதப்ப சுருங்கிக் கெடக்கும், சாப்பிட்டதும் பெருக்கும்.

நம்ம பாஷைல சொன்னா, பாம்பு பட்டினில இருக்கறப்ப பாதி சர்வர ஆஃப் பண்ணி வெச்சிருக்கு. நாம போய், சர்வர எழுப்பாமலே முழு லோடையும் தூக்கி அது தலைல போடறோம். அதுவும் குளிர்ல. பாம்புக்குச் செரிக்கறதுக்கு வெளிய இருந்து சூடு வேணும், உடம்புல சொந்தச் சூடு கிடையாது. சூடு பத்தாம உள்ள போன எலி வயித்துக்குள்ளயே அழுகும். திங்காம இருக்கறது அதோட தற்காப்புன்னு கூடச் சொல்லலாம்.

இதுக்காக, திங்காட்டி பரவால்லன்னு விட்டுடவும் கூடாது. பாதிப் பேரு திணிச்சுக் கொல்றான்னா மீதிப் பேரு "பாம்பு மாசக்கணக்கா திங்காதாமே"ன்னு சும்மா இருந்து கொல்றான். வாய்ல நுரை, மூச்சு விடறப்ப சத்தம், ஈறு செவந்து சீழ், எடை கொறஞ்சுக்கிட்டே போறது இதெல்லாம் சீக்கு. அப்போ டாக்டர் தான்.

மறுநாள் டாக்டர் கிட்டப் போகலாம்னா நண்பன் தயங்குறான். ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறான். கடைசில கக்குனான்: பேப்பர் சரியில்ல.

மணிக்கு முதல் சொந்தக்காரர் 2020ல மத்திய அரசு குடுத்த வாய்ப்புல (ஆறு மாசத்துக்குள்ள தானா முன்வந்து சொன்னா எந்த ஆவணமும் கேக்க மாட்டோம்னு அந்த ஜூன்ல ஒரு அறிவிப்பு வந்துச்சு) பதிவு பண்ணியிருக்காரு. கைமாறுனத யாரும் எழுதிக் குடுக்கல. அப்பறம் வனவிலங்குச் சட்டத்தத் திருத்துனாங்க, 2023 ஏப்ரல்ல நடைமுறைக்கு வந்துச்சு. இந்த மாதிரி சைட்டிஸ் பட்டியல்ல இருக்கற வெளிநாட்டு விலங்குகளப் பதிவு பண்ணியே ஆகணும்னு 2024 பிப்ரவரி 28ல விதி போட்டாங்க. அதுக்கும் ஆறு மாசம் டயம், பரிவேஷ் தளத்துல. இவன் அந்த ஆறு மாசமும் எக்ஸ்போர்ட் ஆர்டர் முடிக்கற அவசரத்துல இருந்தான். ஆகஸ்ட் போச்சு. இப்போ டாக்டர் கிட்டப் போனா கேஸ் போட்டுருவாங்கன்னு பயம்.

இந்தச் சட்டம் வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன். கண்டிப்பா வேணும். 2023 ஜனவரில பாங்காக்ல இருந்து சென்னை ஏர்போர்ட்டுக்கு வந்த பெட்டிகள்ல 45 பால் பைத்தான் இருந்துச்சு. அதே வருசம் ஜூலைல திருச்சி ஏர்போர்ட்ல, கோலாலம்பூர்ல இருந்து வந்த ஒரு பயணி பெட்டில 47 மலைப்பாம்பு, ரெண்டு பல்லி. டப்பாவுலயும் பையிலயும் அடைச்சுக் கொண்டு வர்ற உசுருங்க. அப்படி வந்து சேர்ற பாம்பு வாங்குனவன் வீட்டுல திங்காம இருந்தா அதுல என்ன ஆச்சரியம்? அதெல்லாம் நிக்கணும்னா பதிவு வேணும்.

ஆனா ஒண்ணு. பேப்பர் பயத்துல சீக்குப் பாம்ப வீட்டுலயே வெச்சு, இடுக்கியும் வீடியோவும் வெச்சு வைத்தியம் பாக்கற என் நண்பன மாதிரி எத்தன பேரு இருப்பாங்க? குற்றம் வாங்குனவன் மேல, தண்டனை பாம்புக்கு. சொல்லாம விட்டவன் எப்ப வந்து சொன்னாலும் சொல்லலாம், டாக்டர் கிட்டக் கொண்டு வர்றது அவனுக்கு எதிரான சாட்சி ஆகாதுன்னு ஒரு வழி இருந்தா நல்லாருக்கும்னு தான் எனக்குத் தோணுது. அபராதம் வேணா போடுங்க. கட்டட்டும்.

எனக்கும் அவனுக்கும் காருக்குள்ளயே சண்டை. "கேஸ் வந்தா நான் வர்றேண்டா கூட, மொதல்ல வண்டிய எடு"ன்னேன். குண்டடம், பல்லடம் வழியா கோயமுத்தூர். மணி ஒரு தலகாணி உறைக்குள்ள, அது ஒரு பிளாஸ்டிக் டப்பாக்குள்ள, அது என் மடில.

டாக்டர் பேப்பரப் பத்தி எதுவும் கேக்கல. கேட்டது வேற.

"எடை எவ்வளவு?"

தெரியாது.

"போன மாசம்?"

தெரியாது.

"பெட்டிக்குள்ள சூடு எவ்வளவு? பகல்ல, ராத்திரில?"

தெரியாதுங்க.

நானெல்லாம் லாக் இல்லாம ஒரு பக்கத் திருத்துனா டீம் லீடு கிட்ட வாங்கிக் கட்டிக்கறவன். அங்க பேந்தப் பேந்த முழிச்சுக்கிட்டு நிக்கறேன். ஒரு நம்பர் இல்ல கைல. ரெண்டு மாசமா எலி, கறி, முட்டை, பால்னு ஒரே நேரத்துல எல்லாத்தையும் மாத்திப் பாத்திருக்கோம். எது எதனால ஆச்சுன்னு சொல்ல வழியே இல்ல.

வாய்ல நாங்க பண்ணுன காயத்துல சீழ் வைக்க ஆரம்பிச்சிருந்துச்சு. சுத்தம் பண்ணி விட்டாரு, மூணு நாளைக்கு ஒரு ஊசி எழுதிக் குடுத்தாரு. "காயம் ஆறுற வரைக்கும் சாப்பாட்டப் பத்திப் பேசவே கூடாது"ன்னாரு. அப்பறம் மெதுவா, திட்டாமலே, ஒண்ணு சொன்னாரு: பாம்ப விட்டுட்டுப் பெட்டியப் பாருங்க.

பெட்டியப் பாத்தோம். பாத்தா அசிங்கமா இருந்துச்சு. மேல ஒட்டுன தெர்மாமீட்டர் கண்ணாடியோட சூட்டக் காட்டுது, தரைல என்னன்னு தெரியாது. தரைல வெச்சுப் பாத்தா ராத்திரி 21 டிகிரி. பால் பைத்தானுக்கு ஒரு பக்கம் 31, 32 இருக்கணும், மறுபக்கம் 26 மாதிரி. சூட்டு பல்பு இருக்கே, ஏன் இப்படின்னு விசாரிச்சா, அப்பத்தா தெனமும் ராத்திரி ஒம்பதுக்கு ஸ்விட்ச ஆஃப் பண்ணிட்டுப் படுத்திருக்காங்க. "வெளக்கு எரிஞ்சா பாவம் அது எப்படித் தூங்கும்?" யாரத் திட்டறது சொல்லுங்க. ஈரப்பதம் வேற. பாலக்காட்டுக் கணவாய்க் காத்து காத்தாலைக்கு நல்லது, ஆப்பிரிக்கப் பாம்புத் தோலுக்கு ஆகாது. தோல உரிக்கறப்ப துண்டு துண்டா உரிச்சிருக்கு.

எல்லாத்துக்கும் மேல, பெட்டி வெச்சிருந்த சுவத்துக்கு அந்தப் பக்கம் பவர் டேபிள். காலைல எட்டரைல இருந்து ராத்திரி வரைக்கும் பன்னெண்டு மெஷின். பாம்புக்கு வெளிக்காது கிடையாது, ஆனா தரை அதிர்வு தாடை எலும்பு வழியா உள்ள போகும். தீபாவளிக்கு அப்பறம் பெரிய ஆர்டர் புடிச்சு ரெண்டு ஷிப்ட் ஓட்ட ஆரம்பிச்சிருக்கான். மணி சாப்பாட்ட நிறுத்துன தேதியும் அதுவும் கிட்டத்தட்ட ஒண்ணு. குளிர் காரணமா, மெஷின் காரணமா, பையன் சாயங்காலம் சாயங்காலம் வெளிய எடுத்து ரீல்ஸ் எடுத்தது காரணமா, எனக்குத் தெரியாது. ஒளியறதுக்கு உள்ள ஒரு பொந்து கூட இல்ல. கண்ணாடிக்கு நாலு பக்கமும் ஆளுங்க. நம்மள அப்படி நடு ரோட்டுல உக்கார வெச்சு இலை போட்டா நாம தின்போமா?

பெட்டிய மாடி ரூமுக்குத் தூக்கினோம். தெர்மோஸ்டாட் வாங்குனோம். நூல் கோன் வர்ற அட்டைப்பெட்டில ஓட்டை போட்டு, சூட்டுப் பக்கம் ஒண்ணு, குளிர்ப் பக்கம் ஒண்ணுன்னு ரெண்டு பொந்து. பெட்டியச் சுத்தி மூணு பக்கம் வேஸ்ட் துணி போட்டு மூடியாச்சு (பனியன் ஊர்ல அதுக்கா பஞ்சம்). வாரம் ஒரு நாள், செக்கிங் டேபிள்ல இருக்கற டிஜிட்டல் தராசுல எடை. முதல் எடை 1,140 கிராம். நோட்டுப் போட்டு எழுத ஆரம்பிச்சோம்.

ஊசி போட ஒவ்வொரு தடவையும் கோயமுத்தூர் போக முடியாது. தாராபுரத்துல ஒரு மாட்டு டாக்டர், பாம்புக்கு ஊசி போடறது இதான் முதல் தடவைன்னு சிரிச்சுக்கிட்டே, கோயமுத்தூர்க்காரர் கிட்டப் போன்ல கேட்டுக் கேட்டுப் போட்டாரு. உடம்போட முன்பாதில தான் போடணுமாம். அவருக்கு ஒரு கும்பிடு.

மணி பொந்துக்குள்ள போச்சு. அஞ்சு நாள் வெளிய தலையக் காட்டல. நண்பன் தெனமும் போன் பண்ணி, "எட்டிப் பாக்கட்டுமாடா?"ம்பான். "பாக்காத"ம்பேன். உண்மையச் சொன்னா, இந்த மொத்த வைத்தியத்துலயும் இதான் ரொம்பக் கஷ்டம். ஊசி சுலபம். கோயமுத்தூர் சுலபம். கைய மடில வெச்சுக்கிட்டுச் சும்மா உக்காந்திருக்கணும் பாருங்க, அது நம்மாளுங்களுக்கு வராது. எடை 1,128 ஆச்சு, 1,115 ஆச்சு. பத்துல ஒரு பங்கு கொறஞ்சா திரும்ப வாங்கன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. 1,026ன்னு நோட்டுல செவப்புக் கோடு போட்டு வெச்சிருந்தான். 1,109. அங்கயே ரெண்டு வாரம் நின்னுச்சு.

இதுக்கு நடுவுல நண்பன் வனத்துறைக்கு நடந்தத எழுதி மனு குடுத்துட்டான். என்ன ஆகும்னு தெரியல. எழுதுனதுக்கப்பறம் தான் தூங்குனானாம்.

பாம்பு வாங்கலாமான்னு கேக்கறவங்களுக்கு என் கருத்து: நானா இருந்தா வாங்க மாட்டேன். அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சி சாலைல 1961ல வந்து சேந்த ஒரு பால் பைத்தான், 2020ல ஏழு முட்டை போட்டுச்சு. வயசு அறுபதுக்கு மேல. வீட்டுல வளக்கறதே இருபது முப்பது வருசம் இருக்கும். உங்க பையன் கல்யாணம் வரைக்கும் அப்பத்தா ஸ்விட்ச ஆஃப் பண்ணாமப் பாத்துக்குவீங்கன்னா யோசிங்க.

பங்குனி பொறந்து நாலாவது நாள், நான் பெங்களூர்ல. விடியக்காலம் மூணு மணிக்கு மெசேஜ். "தின்னுட்டான்டா." படம் எதுவும் அனுப்பல. ராத்திரி லைட்ட அணைச்சுட்டு, பொந்து வாசல்ல சின்ன எலிக்குட்டி ஒண்ணு வெச்சுட்டு, கதவச் சாத்திட்டு வந்துட்டானாம். திரும்பப் போய்ப் பாத்தப்ப எலி இல்ல. எப்பத் தின்னுச்சுன்னு யாருக்கும் தெரியாது.

காலைல அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். ரொம்ப சந்தோசம் அவங்களுக்கு. "என்ன வெச்சாங்க?"ன்னு கேட்டாங்க.

"எலிக்குட்டிமா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.

"அந்த எலிக்குட்டி என்னடா பாவம் பண்ணுச்சு?"

டிஸ்கி: இதப் படிச்சுட்டுக் கிளுவை வேலில இருந்து சாரையவோ மண்ணுளியவோ புடிச்சுட்டு வந்து வளத்தறேன்னு கிளம்பாதீங்க சாமிகளா. நம்மூர்ப் பாம்ப வீட்டுல வெச்சுக்கறது 1972 சட்டப்படி குத்தம். அப்பறம், உங்க வீட்டுப் பாம்பு திங்கலைன்னா எனக்குப் பின்னூட்டம் போடாதீங்க. எடையப் போட்டு எழுதி எடுத்துக்கிட்டு டாக்டர் கிட்டப் போங்க. நான் எழுதறது வேற பைத்தான்.